இங்க்ஸ்கேப்ல ரயில் டீகால்: சாஃப்ட்வேர் சும்மா கிடைக்குது, வெள்ளைக்கு தான் கடை கடையா ஏறணும்

முதல்லயே தீர்ப்பை சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். மாடல் ரயிலுக்கு சொந்தமா டீகால் வரைய இங்க்ஸ்கேப்ங்கற இலவச டிராயிங் சாஃப்ட்வேர் தாராளமா போதும், காசு குடுத்து வேற எதையும் வாங்க வேணாம், அளவு விஷயத்துலயும் தமிழ் எழுத்து விஷயத்துலயும் ஆள் கெட்டி. ஆனா நம்ம ஊரு ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டி தொழிற்சாலை) பெட்டியில எழுத்தெல்லாம் பெரும்பாலும் வெள்ளை இல்லனா மஞ்சள், அது உக்காந்திருக்கிறது கருநீலத்து மேலயோ மெரூன் மேலயோ. அந்த வெள்ளையை சாதா பிரிண்டர்ல இருந்து வரவழைக்க எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது. அதனால இந்த ரிவ்யூல பாதி இங்க்ஸ்கேப், மீதி பாண்டி கடலூர் கடைங்க.

டீகால்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டே வரி. மேல மெல்லிசா ஒரு பிலிம், அதுக்கு கீழ தண்ணியில கரையற பசை, அதுக்கும் கீழ பேப்பர். பிலிம் மேல பிரிண்ட் எடுத்து, வெட்டி, தண்ணியில நனைச்சா பிலிம் மட்டும் வழுக்கிக்கிட்டு வரும், அதை மாடல் மேல ஏத்தி உக்கார வைக்கணும். ஸ்டிக்கர் மாதிரி தடியா இருக்காது, சரியா உக்காந்தா பெயிண்ட்ல எழுதின மாதிரியே இருக்கும்.

ரெடிமேடா வாங்கலாமேன்னு கேட்டா, கிடைக்கிறதுல பெரும்பகுதி அமெரிக்கா ஐரோப்பா ரயிலுக்கு. நமக்கு வேணுங்கிறது தென்னக ரயில்வே ஸ்லீப்பர் பெட்டி நம்பரு, பொன்மலை இன்ஜின் ஷெட்டு பேரு, புதுச்சேரி - தாதர் சாளுக்யா எக்ஸ்பிரஸ் போர்டு, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் போர்டு. இதை யாரு அச்சடிச்சு விக்கப்போறாங்க, நாமளே வரைஞ்சா தான் உண்டு.

சரி, அளவு. என் கணக்குல இங்க்ஸ்கேப்போட முதல் பிளஸ் பாயிண்டே இதான். நான் பண்றது எச்ஓ ஸ்கேல், அதாவது 1:87, நிஜத்துல 87-ல ஒரு பங்கு. ஐசிஎஃப் பெட்டி பாடி நீளம் 21337 மிமீ, அதை 87-ஆல வகுத்தா 245 மிமீ சொச்சம். இதுக்கு கால்குலேட்டரே எடுக்க வேணாம், மேல அகலம் போடற கட்டத்துலயே 21337/87-னு டைப் பண்ணி என்டர் தட்டினா அதுவே வகுத்து போட்டுக்கும், யூனிட்டை மட்டும் மிமீ-ல வெச்சிருக்கணும். புது வகை எல்எச்பி பெட்டி 23540, அதையும் இதே மாதிரி போட்டா 270.6 வரும், ஏ4 ஷீட்டு நீளம் 297-ங்கறதால அதுவும் படுக்க வெச்சா அடங்கிடும். பாண்டிக்கு 1879-ல விழுப்புரத்துல இருந்து லைன் போட்டப்ப அது மீட்டர் கேஜ், அந்த காலத்து வண்டி பண்ணணும்னு ஆசைப்படறவங்க 12 மிமீ தண்டவாளத்துல பண்ணுவாங்க, ஆனா ஸ்கேல் அதே 87 தான், டீகால் கணக்கு மாறாது. ஹார்ன்பி (பிரிட்டிஷ் மாடல் கம்பெனி) வண்டி வெச்சிருக்கிறவங்க மட்டும் பாத்துக்கோங்க, அது ஓஓ, 1:76, எச்ஓ-க்கு வரைஞ்சதை 114.5 சதவீதம் பெருசாக்கணும்.

இதுல ஒரு உள்குத்து இருக்கு, புதுசா வர்றவங்க கண்டிப்பா மாட்டற இடம். செட்டிங்ஸ்ல பவுண்டிங் பாக்ஸ்னு ஒண்ணு வரும், விஷுவல், ஜியோமெட்ரிக்னு ரெண்டு வகை. விஷுவல்ல இருந்தா நீங்க போட்ட கோட்டோட தடிமனையும் சேத்து அளவு காட்டும், அதாவது 245 மிமீ-னு போட்டாலும் உண்மையான வடிவம் கோட்டு தடிமன் அளவுக்கு சின்னதா இருக்கும். போஸ்டருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, ஆனா 1.7 மிமீ உயர எழுத்துல அரை மிமீ போச்சுன்னா எழுத்தே போச்சு. டீகாலுக்கு ஜியோமெட்ரிக் தான். அதே மாதிரி ஒரு பொருளை சுருக்கும்போது கோட்டு தடிமனும் சேந்து சுருங்கணுமா வேணாமான்னு மேல ஒரு பட்டன் இருக்கு, அது எந்த நிலைமையில இருக்குன்னு பாத்துட்டு வேலையை ஆரம்பிங்க.

எழுத்துக்கும் அதே கதை தான். பெட்டி நம்பரு நிஜத்துல 150 மிமீ உயரம்னு வெச்சுக்கிட்டா மாடல்ல 1.72 மிமீ. இதுக்கு ஃபான்ட் சைஸ் 7 பாயின்டா 8 பாயின்டான்னு மண்டையை உடைக்காதீங்க, பாயின்ட்டுங்கறது எழுத்தோட உயரம் கிடையாது, ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். எழுதி முடிச்சுட்டு பாத் மெனுல ஆப்ஜெக்ட் டு பாத் குடுத்து எழுத்தை வடிவமா மாத்திட்டு, உயரக் கட்டத்துல 150/87-னு போட்டுடுங்க, வேலை முடிஞ்சது. பூட்டு ஐகானை அமுக்கி வெச்சா அகலமும் கூடவே வந்துடும்.

நம்பரையும் வாய்க்கு வந்தபடி போடாதீங்க. பழைய அஞ்சு இலக்க நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பெட்டி கட்டின வருஷம், அடுத்த மூணு எந்த வகை பெட்டின்னு சொல்லும், 201-ல இருந்து 400 வரை ஸ்லீப்பர், 401-ல இருந்து 600 வரை ஜெனரல். அதனால 05231-னு போட்டா 2005-ல வந்த ஸ்லீப்பர். ஜெனரல் பெட்டி பாடியில இந்த நம்பரை ஒட்டி வெச்சா, ரயில் பைத்தியம் எவனாவது வீட்டுக்கு வந்தா முதல் அஞ்சு நிமிஷத்துலயே கண்டுபிடிச்சுடுவான்.

இப்ப தமிழுக்கு வரேன், இங்க தான் இங்க்ஸ்கேப் மேல எனக்கு மரியாதையே. யூனிகோட் தமிழை அப்படியே டைப் பண்ணலாம், கொம்பு துணைக்கால் எல்லாம் அதது இடத்துல வந்து நிக்கும், இந்தியும் அப்படித்தான், கூட்டெழுத்து உடையறதே இல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லா இருக்கு, கொஞ்சம் தடிச்ச வெயிட்டா எடுத்துக்கோங்க. நம்ம ஊரு பிரிண்ட் கடைங்கள்ல இருக்கிறது பெரும்பாலும் கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர், அதுவும் பல கடையில என்னிக்கோ போட்ட பழைய வெர்ஷன், அவங்க இன்னும் பழைய ஃபான்ட்டு கீபோர்டுல தான் தமிழ் அடிப்பாங்க, கல்யாண பத்திரிகைக்கு அது போதும், தப்பு சொல்லல. ஆனா நம்ம யூனிகோட் ஃபைலை எழுத்தாவே குடுத்தா அங்க திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும். அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி எல்லா எழுத்தையும் பாத்-ஆ (வடிவமா) மாத்திடணும், இல்லனா பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்தை பாத்-ஆ மாத்துங்கிற ஆப்ஷனை டிக் பண்ணிடணும். எழுத்தா இருக்கிற ஒரிஜினல் ஃபைலை தனியா ஒரு காப்பி வெச்சுக்கோங்க, பாத்-ஆ மாத்தினதுக்கு அப்புறம் எழுத்துப்பிழையை திருத்த முடியாது, மறுபடி அடிக்கணும்.

எங்க ஊரு ஸ்டேஷன் போர்டையே எடுத்துக்குவோம். திருப்பாதிரிப்புலியூர். ரயில்வேயில இத்தனை நீள பேரு நிறைய ஊருக்கு கிடையாது, ஊர்க்காரங்களே திருப்பாபுலியூர்னு சுருக்கி தான் சொல்றோம், ஆனா போர்டுல சுருக்க முடியாதே. மஞ்சள் போர்டு, கருப்பு எழுத்து, மேல தமிழ், அப்புறம் இந்தி, அப்புறம் இங்கிலீஷ். நான் போர்டை 40 மிமீ அகலத்துக்கு எடுத்துக்கிட்டேன், ரெண்டு பக்கமும் ஓரம் விட்டா எழுத்துக்கு 36 மிமீ தான் மிச்சம், அதுக்குள்ள இந்த பேரை அடக்கினா எழுத்து உயரம் 2 மிமீ-யை ஒட்டி வந்துடுது. ஸ்கிரீன்ல பாக்கறப்ப பிரமாதமா இருக்கும். பிரிண்ட் எடுத்து பாத்தா கடைசி ர் மேல புள்ளியை காணோம், ப் மேல இருக்கிற புள்ளிங்களும் காணோம், போர்டு "திருபபாதிரிபபுலியூர" ஆயிடுச்சு.

ஏன்னா கணக்கு இப்படி. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 டாட்) லேசர்ல ஒரு டாட் 0.042 மிமீ. இந்த சைஸ்ல தமிழ் புள்ளி 0.15 மிமீ கூட வராது, அதாவது மூணு டாட்டு அகலம், டோனர் (லேசரோட பொடி மை) அதை ஒட்டினா ஒட்டும் ஒட்டாட்டி இல்ல. அதே நேரம் லி, யூ-ல இருக்கிற சுழி உள்பக்கம் அடைச்சுக்கும். இதுக்கு ஃபான்ட்டு மாத்தி பிரயோஜனம் இல்ல, கையால தான் வைத்தியம் பாக்கணும். எழுத்தை பாத்-ஆ மாத்திட்டு, அன்குரூப் பண்ணிட்டு, பாத் மெனுலயே பிரேக் அபார்ட் குடுத்தா புள்ளிங்க தனித்தனியா கழண்டு வரும் (சுழியோட உள்வட்டமும் கழண்டு அடைச்ச மாதிரி தெரியும், அந்த எழுத்தையும் உள்வட்டத்தையும் மட்டும் பிடிச்சு திரும்ப கம்பைன் குடுத்தா சரியாயிடும்). அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றரை மடங்கு பெருசாக்கி எழுத்துல இருந்து ஒரு முடி அளவு மேல தூக்கி வைக்கணும். சுழி உள்ள இருக்கிற ஓட்டையை நோட் டூல்ல பிடிச்சு கொஞ்சம் விரிச்சு விடணும். பெருசு பண்ணி பாத்தா எழுத்து அசிங்கமா தான் இருக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ்ல பிரிண்ட் எடுத்து ஒரு அடி தள்ளி வெச்சு பாத்தா அட்டகாசமா படிக்க வரும். இந்த ஒரு வேலைக்காகவே நான் இதை கேன்வா கேன்வான்னு சொல்றவங்க கிட்ட காட்டறது, அதுல போஸ்டர் பண்ணலாம், ர் மேல புள்ளியை பிடிச்சு இழுக்க முடியாது. போட்டோஷாப், ஜிம்ப்லயும் பண்றாங்க, ஆனா அது பிக்சல், எழுத்து ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு மழுப்பல் வரும், லேசர் மெஷின் அந்த சாம்பலை புள்ளி புள்ளியா உடைச்சு அடிக்கும், 2 மிமீ எழுத்துக்கு அதுவே சாவு.

இங்க ஒரு நல்ல சேதி, ஸ்டேஷன் போர்டுக்கு டீகால் பேப்பரே தேவையில்ல. மஞ்சள்ல கருப்பு தானே, கெட்டியான போட்டோ பேப்பர்ல அடிச்சு வெட்டி அட்டையில ஒட்டினா முடிஞ்சது. புதுசா ஆரம்பிக்கிறவங்க போர்டுல இருந்து ஆரம்பிங்க, தப்பானாலும் நஷ்டம் கம்மி.

படத்தை பாத்து தானா வரையற டிரேஸ் பிட்மேப் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. சுத்தமான பெரிய படமா இருந்தா நல்லா வேலை செய்யும், உதாரணத்துக்கு ரயில்வேயோட 150-வது வருஷத்துக்கு 2002-ல வந்த போலு யானை, பச்சை விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்குமே அது, தெளிவான படம் கிடைச்சா ஒரு நிமிஷத்துல டிரேஸ் ஆயிடும், அப்புறம் நோடுகளை சிம்பிளிஃபை பண்ணா போதும். ஆனா பிளாட்பார்ம்ல நின்னு செல்போன்ல எடுத்த போட்டோவை குடுத்து ஷெட்டு பேரை டிரேஸ் பண்ணா மழையில நனைஞ்ச மாதிரி தான் வரும். அதுக்கு போட்டோவை அடியில ஒரு லேயர்ல போட்டு பூட்டிட்டு, மேல பென் டூல்ல நாமளே வரையறது தான் வேகம். போட்டோ எடுக்கும்போது முடிஞ்ச அளவு தள்ளி நின்னு ஜூம் பண்ணி நேர் பக்கவாட்டுல எடுங்க, கிட்ட நின்னு எடுத்தா பெட்டி ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து இருக்கும், அதை வெச்சு ஜன்னல் பட்டை உயரத்தை கணக்கு போட்டா தப்பா போகும்.

இனி வெள்ளை. ஆரம்பத்துல எல்லாரும் பண்றது என்னன்னா, கிளியர் டீகால் ஷீட்டு வாங்கி மஞ்சள் கலர்ல நம்பரை அடிச்சு கருநீல பெட்டி மேல ஒட்டறது. ஒட்டினதும் நம்பரு மாயம். ஏன்னா பிரிண்டர் மை, டோனர் ரெண்டுமே கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவற சமாச்சாரம், அடியில வெள்ளை இருந்தா தான் கலர் தெரியும், நீலத்து மேல மஞ்சள் போட்டா அழுக்கு பச்சையா ஒரு நிழல் மட்டும் தெரியும். ஒரு காலத்துல ஜப்பான்காரன் ஆல்ப்ஸ்னு ஒரு பிரிண்டர் போட்டான், அது வெள்ளையே அடிக்கும், டீகால் பண்றவங்க எல்லாம் அதை சாமி மாதிரி கொண்டாடினாங்க, அதை எப்பவோ நிறுத்திட்டான். ஓகேஐ கம்பெனியில வெள்ளை டோனர் போட்ட லேசர் மெஷின் இருக்கு, ஆனா வீட்டுல வாங்கி வைக்கிற விலை இல்ல.

மிச்சம் இருக்கிற வழியில என் ஓட்டு முழு பக்க டீகாலுக்கு. வெள்ளை டீகால் ஷீட்டு வாங்கிக்கோங்க, நம்பரை மட்டும் நீல கட்டத்துக்குள்ள அடிச்சு பேட்ச் மாதிரி ஒட்டாதீங்க, பெயிண்ட் நீலமும் பிரிண்ட் நீலமும் ஜென்மத்துக்கும் ஒத்துப்போகாது, பத்தடி தூரத்துல இருந்தே ஒட்டு போட்ட சட்டையா தெரியும். அதுக்கு பதிலா பெட்டியோட மொத்த பக்கத்தையும், கருநீலம், ஜன்னல் பட்டை வெளிர்நீலம், எழுத்து, ஜெனரல் பெட்டின்னா மூலையில வர்ற சாய்வுக் கோடு எல்லாத்தையும் சேத்து ஒரே டீகாலா அடிச்சுடுங்க. அப்ப எழுத்து இருக்கிற இடத்துல மை விழாது, பேப்பரோட வெள்ளையே எழுத்தா நிக்கும். நீலம் எல்லாமே பிரிண்டர் நீலம், ஒத்துப்போகுதா இல்லையாங்கற பேச்சே இல்ல. ஒரு பக்கம் 245 மிமீ நீளம், உயரம் 30 மிமீ-க்குள்ள, ஒரு ஏ4-ல ஆறு வரை அடுக்கலாம். ஜன்னலை கடைசியில பிளேடால வெட்டி எடுக்கணும், வெட்டின ஓரத்துல வெள்ளை எட்டிப் பாக்கும், அதுக்கு அதே நீலத்துல மார்க்கரால ஓரம் மட்டும் தேச்சு விட்டா போதும்.

1.2 வெர்ஷன்ல இருந்து ஒரே ஃபைல்ல பல பக்கம் வெச்சுக்கலாம், 2022-ல வந்தது, இந்த வேலைக்குன்னே வந்த மாதிரி இருக்கு. ஒரு பக்கம் ஸ்லீப்பர், ஒரு பக்கம் ஜெனரல், ஒரு பக்கம் எஸ்எல்ஆர் (கார்டும் லக்கேஜும் வர்ற பெட்டி)னு வெச்சு, பட்டையை மட்டும் குளோன் போட்டுட்டா ஒரு இடத்துல நீலத்தை மாத்தினா எல்லா பெட்டியிலயும் மாறிடும்.

அந்த நீலத்துல தான் இங்க்ஸ்கேப் மேல என் பெரிய குறை. இது ஆர்ஜிபி-ல (ஸ்கிரீன் கலர் முறை) வேலை செய்யற சாஃப்ட்வேர், பிரிண்ட் கடை உலகம் சிஎம்ஒய்கே (மை கலர் முறை). ஸ்கிரீன்ல பாத்த கருநீலம் பேப்பர்ல கத்திரிப்பூ கலரா வந்து நிக்கும், அடர் நீலத்துக்கு இது எப்பவும் நடக்கிறது. கோரல் இந்த விஷயத்துல மேல, அதை ஒத்துக்கணும். ஸ்கிரைபஸ்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கொண்டு போய் மாத்தலாம், ஆனா அதை கத்துக்கறது தனி தலைவலி. நான் பண்றது, சின்ன சின்ன கட்டமா நீலத்துலயே பல சாயல் போட்டு, ஒவ்வொண்ணு கீழயும் அதோட கலர் நம்பரை எழுதி, சாதா பேப்பர்ல அதே மெஷின்ல ஒரு பிரிண்ட் எடுத்துடறது. பெட்டி போட்டோவை பக்கத்துல வெச்சு எது ஒத்துப்போகுதோ அந்த நம்பரை எடுத்து டிசைன்ல போட்டுடுவேன். ஸ்கிரீன்ல அது ஏதோ பச்சை கலந்த கண்றாவியா தெரியும், கண்டுக்கப்படாது.

இப்ப கடைங்க. பேரு சொல்ல மாட்டேன். பாண்டியில நேரு வீதியை சுத்தி ஒரு ரவுண்டு வந்தா டிஜிட்டல் பிரிண்ட் கடைக்கு பஞ்சமே இல்ல, ஆனா டீகால் ஷீட்டை நீட்டினதும் பாதி பேர் மெஷின்ல போட மாட்டேன்னுடுவாங்க. அவங்க பயம் நியாயம் தான். இன்க்ஜெட் டீகால் ஷீட்டை தெரியாம லேசர்ல விட்டா உள்ள இருக்கிற சூட்டுல அந்த பூச்சு உருகி ரோலர்ல ஒட்டிக்கும், செலவு யாரு குடுக்கறது. அதனால ஷீட்டு வாங்கும்போதே லேசர்னு போட்ட கவரோட வாங்குங்க, கவரையே கடையில எடுத்து காட்டுங்க, பாதி பேச்சு மிச்சம்.

போட்டுத்தரேன்னு சொன்ன கடையில நடந்தது இது. "தம்பி, ஹண்ட்ரட் பர்சன்ட்ல போடுப்பா, ஃபிட் டு பேஜ் வேணாம்"னேன். "எல்லாம் கரெக்டா ஃபிட் ஆயிடும்ணே, கவலையே படாதீங்க"ன்னான். ஃபிட் ஆகிடும்கறது தான்யா என் கவலையே. மெஷின் தன்னோட மார்ஜினுக்கு ஏத்த மாதிரி 97 சதவீதத்துக்கு சுருக்கி துப்பிடுச்சு, 245 மிமீ பக்கம் 238-ஆ வந்துச்சு. ஏழு மிமீ தானேன்னு கேட்டான் தம்பி. 87-ஆல பெருக்கினா ரெண்டு அடி, பெட்டியில ஒரு கதவே காணாம போயிடும். நல்லவேளை சாதா பேப்பர்ல தான் முதல்ல போடச் சொன்னேன். என் டிசைன் மூலையில எப்பவும் சரியா 100 மிமீ-ல ஒரு கோடு போட்டு வெச்சிருப்பேன், ஸ்கேலை எடுத்து அதை அளந்து காட்டினதும் எதிர்ப்பேச்சு இல்ல, பிரிண்ட் செட்டிங்ல ஆக்சுவல் சைஸ்னு மாத்தி போட்டுக் குடுத்தான். அதுக்கப்புறம் பிரிண்ட் தரம் நல்லாவே இருந்துச்சு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. அந்த 100 மிமீ கோட்டை நீங்களும் போடுங்க, கடைக்காரர் கிட்ட வாக்குவாதம் பண்றதை விட ஸ்கேல் வெச்சு காட்டறது சுலபம்.

ரேடியம் ஸ்டிக்கர் கடை தான் நான் எதிர்பாக்காத கண்டுபிடிப்பு. கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் பைக்குக்கு நம்பர் பிளேட், ஆட்டோவுக்கு முருகன் துணைன்னு வெட்டித்தர்ற கடைக்காரர், ஸ்டிக்கர் வெட்டற பிளாட்டர் மெஷின் வெச்சிருக்காரு. 1.7 மிமீ நம்பரை வெட்டித்தர முடியுமான்னு கேட்டதுக்கு, "சார், அந்த எழுத்தை உரிக்கிறதுக்கு எனக்கு கண்ணும் பத்தாது நகமும் பத்தாது"ன்னு நேர்மையா சொல்லிட்டாரு. அது ஸ்டிக்கரா ஒட்டறதுக்கு சரிப்படாது, தடிமன் ஜாஸ்தி. ஆனா மாஸ்க்கா பயன்படுத்த அருமை. கடைசி பெட்டி பின்னாடி பெருசா ஒரு எக்ஸ் இருக்குமே, அதையும் மூலை சாய்வுக் கோடுகளையும் வினைல்ல வெட்டி வாங்கி, பெட்டி மேல ஒட்டி, மஞ்சளை ஸ்பிரே பண்ணிட்டு உரிச்சா கத்தியால கீறின மாதிரி ஓரம் வரும். இங்க்ஸ்கேப்ல இதுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கிற வடிவத்தை எல்லாம் யூனியன் பண்ணிட்டு குடுங்க, இல்லனா ஏறின இடத்துல கத்தி குறுக்க ஓடி துண்டு துண்டா வரும். ஃபைலை இபிஎஸ் இல்ல பிடிஎஃப்-ஆ குடுத்தா அவரோட கோரல்ல ஒழுங்கா திறக்குது. வேலைக்கு வாங்கின காசும் ரொம்ப கம்மி, மீதி துண்டு வினைலையும் சேத்து குடுத்தாரு.

யூவி டிடிஎஃப்-னு இப்ப புதுசா கிளம்பியிருக்கு, கப்பு, செல்போன் கவர் மேல ஒட்டற வகை. அதுல வெள்ளை மையே இருக்கு, அதனால மஞ்சள் எழுத்து கருப்பு மேலயும் பளிச்சுனு நிக்கும். ஆசையா போட்டு பாத்தேன், கலர் எல்லாம் சூப்பர், ஆனா விரலால தடவினா மேடு தெரியும், மேல கண்ணாடி பளபளப்பு வேற. பெட்டி பக்கத்துக்கு வேணாம். லேஅவுட்ல கடை போர்டு, லெவல் கிராசிங் எச்சரிக்கை பலகை, இந்த மாதிரி பலகையாவே இருக்கிற ஐட்டத்துக்கு நல்லா பொருந்தும்.

வீட்டுலயே இன்க்ஜெட்ல அடிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு கடலோர ஊர்க்காரனா ஒரு வார்த்தை. இன்க்ஜெட் மை தண்ணி பட்டா கரையும், அதனால நனைக்கிறதுக்கு முன்னாடி கிளியர் ஸ்பிரே அடிச்சு பூட்டணும், மெல்லிசா பல கோட்டு. ஐப்பசி கார்த்திகையில இங்க காத்துல இருக்கிற ஈரத்துக்கு அந்த ஸ்பிரே காயும்போது பால் கொட்டின மாதிரி வெளுத்துப் போகும், ஷீட்டும் சுருட்டிக்கும். வெயில் அடிக்கிற நாள்ல மத்தியானமா பாத்து அடிங்க, இல்லனா லேசருக்கே போயிடுங்க, டோனருக்கு இந்த ஸ்பிரே கட்டாயம் இல்ல.

ஒட்டறது பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, சுருக்கமா சொல்றேன். பாடி 3டி பிரிண்ட்டா இருந்தா லேயர் கோடு போக புட்டி போட்டு தேய்க்கணும், அது மேல பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ் அடிக்கணும், சொரசொரப்பு மேல ஒட்டினா அடியில காத்து நின்னு வெள்ளி மாதிரி மினுக்கும். டீகாலை படிய வைக்கிற மைக்ரோ செட், மைக்ரோ சால் திரவம் கிடைச்சா வாங்கி வைங்க. முழு பக்க டீகாலை ஒரே ஆளு தனியா ஏத்தறது சிரமம், வீட்டுல யாரையாவது இன்னொரு முனையை பிடிக்கச் சொல்லுங்க.

திரும்ப இங்க்ஸ்கேப். மெனு எல்லாம் முதல்ல குழப்பும், எங்க எது இருக்குன்னு தேடறதுலயே ஒரு சாயங்காலம் போயிடும். பெரிய போட்டோவை நாலஞ்சு உள்ள போட்டா பழைய லேப்டாப்ல நகர யோசிக்கும், வேலை முடிஞ்ச லேயரை மறைச்சு வெச்சா கொஞ்சம் பரவாயில்ல. பிளர், நிழல் மாதிரி ஃபில்டர் எல்லாம் பிடிஎஃப்-ல படமா மாறி மங்கிடும், டீகாலுக்கு அது தேவையும் இல்ல. வேற யாராவது இல்லஸ்ட்ரேட்டர்ல பண்ணி அனுப்பின எஸ்விஜி-யை திறந்தா சைஸ் மாறி இருக்கலாம், அவங்க கணக்கு அங்குலத்துக்கு 72, இங்க 96, அதனால யாரு ஃபைல் அனுப்பினாலும் முதல் வேலையா ஒரு அளவை சரிபாருங்க. ஏற்கனவே கோரல் கைவசம் இருக்கு, கையும் பழகிடுச்சுன்னா மாறணும்னு அவசியமே இல்ல, கலருக்கு அது தான் நல்லது. புதுசா ஆரம்பிக்கிறவங்க, முக்கியமா தமிழ்ல போர்டு வேணுங்கிறவங்க, யோசிக்காம இங்க்ஸ்கேப்ப இறக்கிக்கோங்க.

கடைசியா ஒண்ணு, டீகால் ஷீட்டு ஆன்லைன்ல ஒண்ணு ஒரு பிரியாணி விலைக்கு வந்து நிக்குது. அதனால பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஷீட்டுல காலி இடம் எங்கெல்லாம் இருக்குன்னு பாத்து, ஜன்னல் வர்ற இடத்துல கூட, நம்பரையும் ஊர் பேரையும் இன்னும் ரெண்டு செட் திணிச்சு விட்டுடுங்க, ஒட்டும்போது கிழியறது எப்பவும் அந்த சின்ன துண்டு தான்.